சாட்சி சொல்ல இருபத்திரண்டு அடி

பாளையங்கோட்டை,
சனிக்கிழமை.

அன்பு மகள் டார்லினுக்கு, கர்த்தரின் பெயரால் அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. போனில் பேசாமல் இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா காதில் விழும். அவர் கட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நான் யாரிடம் பேசினாலும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்கிறார். அடுத்த தெரு ஷமீமின் வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே கல்லிடைக்குறிச்சி அப்பளமும் நார்த்தங்காய் ஊறுகாயும் இருக்கும். உன் தம்பி எபியைப் பற்றி ஒரு விஷயம் உனக்குச் சொல்ல வேண்டும். அவன் போய் ஆறு மாதமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ நர்ஸ், அப்பாவின் கால் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பாய். இடுப்பிலும் தொடையிலும் வைத்த பிளேட் நன்றாகச் சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிசியோதெரபி பார்க்கும் ஃபெபி வாரத்துக்கு மூன்று நாள் வீட்டுக்கு வருகிறாள். நல்ல பிள்ளை. வந்த முதல் நாளே, பெரிய இலக்கு ஒன்று வேண்டும், அதற்குப் போகச் சின்னச் சின்ன இலக்குகள் வேண்டும், எல்லாவற்றுக்கும் தேதி போட வேண்டும் என்றாள். "உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை அங்கிள்" என்று கேட்டாள். உன் அப்பா யோசிக்கவே இல்லை. "பைக் ஓட்டணும்" என்றார். எபியை அடக்கம் செய்து எழுபது நாள்கூட ஆகவில்லை. நான் கஞ்சிக் கிண்ணத்தோடு அங்கேதான் நின்றேன். ஃபெபி என் முகத்தைப் பார்த்துவிட்டு, அது அப்புறம் பார்த்துக்கலாம், வேறு சொல்லுங்க என்றாள்.

வேறு இலக்கை உன் சித்தப்பா சாலமோன் கொண்டுவந்தார். அசனப் பண்டிகை அன்று ஊரே கோயிலில் கூடி ஒன்றாக விருந்து சாப்பிடும். அன்றைக்கு அண்ணன் எழுந்து நின்று, சாவிலிருந்து கர்த்தர் தன்னைத் தூக்கிவிட்டதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்றார். அவரே கோயிலுக்குப் போய், பெஞ்சிலிருந்து மைக் வரைக்கும் அடி வைத்து அளந்துவிட்டு வந்தார். இருபத்திரண்டு அடி. கம்பு இல்லாமல் நடக்க வேண்டும், எதையும் பிடிக்காமல் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். ஃபெபி அதைப் பெரிய தாளில் எழுதி, முன்னறைச் சுவரில் ஒட்ட இடம் கேட்டாள். எபியின் பரீட்சை அட்டவணை ஒட்டியிருந்த இடம்தான் தோதாக இருந்தது. நானே அதைக் கிழித்து எடுத்துக் கொடுத்தேன்.

காலையில் தொடைக்கு எண்ணெய், பிறகு வெந்நீர் ஒத்தடம், பிறகு தைலம். அந்தத் தைல வாடை என் விரலில் ஏறிவிட்டது. சோற்றைப் பிசைந்தால் அதுதான் வருகிறது. நோயாளியைப் பார்ப்பதில் எனக்கு அருவருப்பு கிடையாது. உன் ஆச்சி படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு வருஷமும் நான்தான் அள்ளிப் போட்டேன். இது அது இல்லை. ஆட்டுக்கால் சூப்பை உறிஞ்சிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு மிளகு தட்டிப் போட்டிருக்கலாம் தேவமணி" என்கிறாரே, அருவருப்பு அப்போதுதான் வருகிறது. பார்க்க வருகிறவர்கள் தாளில் பச்சை டிக்கைப் பார்த்ததும் கை தட்டுகிறார்கள். பத்தடி நடந்த அன்றைக்குச் சித்தப்பா கேக் வாங்கி வந்தார். இந்த வீட்டில் கேக். "ஒரு வாய் தின்னுங்க மதினி, எத்தன நாளைக்குத்தான் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பிய" என்று என் வாயருகே நீட்டினார். வாங்கிக்கொண்டு போய்ப் புறவாசலில் துப்பினேன்.

இனி எபி விஷயம். எபிதான் பைக்கை ஓட்டினான், வேகமாகப் போய் நடுச்சுவரில் மோதிவிட்டான் என்றுதானே உனக்குச் சொன்னோம். பொய். ஓட்டியது உன் அப்பா. நாங்குநேரியில் நிச்சயதார்த்த வீட்டில் குடித்திருந்தார். நாலு மணிக்கு எபி எனக்குப் போன் செய்தான். "அம்மா, அப்பா நல்லாக் குடிச்சிருக்காவ. சாவியக் கேட்டாத் தரமாட்டேங்காவ. ஒனக்கு ஓட்டச் சொல்லித் தந்தவனே நான்தாம்லே, பின்னால ஏறுலேங்காவ" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சண்ட போடாத, பைய வரச் சொல்லு" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரைமணி நேரம் கழித்து அதே போனிலிருந்து வேறு யாரோ பேசினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்து கேட்டபோது, மகன் ஓட்டினான் என்று உன் அப்பா சொல்லிவிட்டார். சித்தப்பா என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "அண்ணன் ஓட்டுனதா வந்தா வேலையும் போச்சு, ஜெயிலும் ஆச்சு. போனவன் திரும்பி வரப்போறதில்ல மதினி, இருக்கவரப் பாருங்க" என்றார். எபி அப்போது பிணவறையில் கிடந்தான். அவன் முகத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை. மகன் ஓட்டினான் என்று போலீஸ் எழுதிய தாளை வாங்கி நானும் கையெழுத்துப் போட்டேன். உன் அப்பாவைப் பார்த்து எனக்கு வரும் அருவருப்பில் பாதி என் மேல் வருவதுதான்.

நேற்று அவர் கம்பு இல்லாமல் இருபத்திரண்டு அடியும் நடந்துவிட்டார். ஃபெபி எண்ணினாள், விழுந்தால் பிடிக்க நான் கூடவே போனேன். கடைசி அடியில் ஃபிரிட்ஜ் முன்னால் நின்று, இதுதான் மைக் என்று வைத்துக்கொண்டு, சாட்சியைச் சொல்லிப் பார்த்தார். "என் மகன் வாலிப வேகத்துல கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுனான். பையப் போலேன்னு நான் பின்னாலருந்து கெஞ்சுனேன். அவன் கேக்கல. ஆனா கர்த்தர் என் சத்தத்தக் கேட்டாரு" என்று கையை உயர்த்தினார். அவர் கண்ணில் நீர்கூட வந்தது. ஃபெபியும் அழுதாள். பையப் போ என்பது நான் எபியிடம் சொல்லியனுப்பிய சொல். பிள்ளை அதை அவரிடம் சொல்லியிருக்கிறான். அதையும் எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டார். நான் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

ஃபெபி போன பிறகு கேட்டேன். "கால் தேறிட்டு, வாய்தான் அழுகிக் கெடக்கு" என்றேன். "செத்தவனுக்கு இனி என்னட்டி கெட்ட பேரு? நான்தான இந்த ஊர்ல தலை நிமிந்து நடக்கணும்" என்றார். இந்தப் பொய்யைச் சொல்வதானால் உங்களைக் கைப்பிடித்துக் கூட்டிப்போக மாட்டேன் என்றேன். "நீ வராட்டாப் போ, சாலமோன் வருவான். நான் நடக்கது ஒனக்குப் பொறுக்கல" என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டார்.

இன்று காலையில் குருவானவர் வீட்டுக்குப் போனேன். சாட்சி சொல்லுகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டு அவர் வீட்டம்மாவிடம் இருக்கிறது. உன் அப்பா பெயர் மூன்றாவதாக இருந்தது. அதற்கு மேலே இரண்டு வரிக்கு நடுவில் நெருக்கி என் பெயரை எழுதினேன். "வீட்டுக்காரர் கொணமானதுக்கு ஸ்தோத்திரம் சொல்லப் போறியளோ" என்று அந்தம்மா சந்தோஷமாகக் கேட்டார்கள். நான் நோட்டை மூடி அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அசனம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அதுவரைக்கும் எண்ணெய் தேய்ப்பேன், சூப் வைப்பேன், காலையும் மாலையும் நடக்க வைப்பேன். ஒரு வேளையும் தப்பாது. நான் பேசும்போது அவர் தன் இரண்டு காலில் எழுந்து நிற்கத் தெம்போடு இருக்க வேண்டும். நான் போட்ட கையெழுத்தையும் சேர்த்துத்தான் சொல்வேன். அதற்குப் பிறகு கேஸ் வரலாம். இந்த வீட்டில் எனக்கு இடம் இல்லாமல் போகலாம். வயதான காலத்தில் அப்பாவை இப்படிச் செய்துவிட்டாயே என்று நீயும் என்னை வெறுக்கலாம். அப்பா நடப்பதைக் கோயில் லைவில் பார்க்க லீவு போட்டிருப்பதாகச் சொன்னாய். ஊரோடு சேர்ந்து நீயும் மைக்கில் கேட்க வேண்டாம், முதலில் உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் பேசும்போது, "எபி மேல எனக்கு இப்பக் கோவம் இல்லம்மா, அவன மன்னிச்சிட்டேன்" என்றாய். நல்ல மனதோடுதான் சொன்னாய். உன் அப்பா பக்கத்தில் இருந்தார், நான் வாயைத் திறக்கவில்லை.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் ஒரு குறையும் வராமல் காக்கட்டும். அந்த மன்னிப்பை மட்டும் திரும்ப எடுத்துக்கொள் மகளே. உன் தம்பிக்கு அது வேண்டாம். அவன் பின்னால் உட்கார்ந்துதான் வந்தான்.

உன்னையும் எபியையும் பெற்றவள்,
தேவமணி.