மியூசியத்துச் சாமி

சென்னிமலை, ஜூன் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களோடு வேலை செய்யும் கலீல் ரஹ்மான் அண்ணன் லீவில் வந்தபோது நீங்கள் கொடுத்தனுப்பிய கல் சிலையின் அடியில், கறுப்பு மையில் பொடியாக ஓர் எண் எழுதியிருக்கிறது. துடைத்தாலும் போகவில்லை. எதற்கு அந்த எண்?

அம்மா அதை அம்மன் என்று நினைத்து, மஞ்சள் பூசிச் சாமி அலமாரியில் வைத்துவிட்டார்கள். "சண்டை நடக்கற நாட்டுல லாரி ஓட்டற எம்பட பையனைக் காப்பாத்துனவ இவதான்" என்கிறார்கள். போன மாதம் ஏன் கடிதமே போடவில்லை?

தங்கை
லோகப்பிரியா

ஜூன் 20

அன்புள்ள அம்மணிக்கு,

போனில் இதைப் பற்றி மூச்சு விடாதே. அது மியூசியத்து எண். பட்டாளத்துக்காரர்கள் அங்கிருந்ததை எல்லாம் என் லாரியில்தான் ஏற்றினார்கள். நான் எடுத்தது ஒன்றே ஒன்று. விட்டிருந்தால் உடைத்திருப்பார்கள். உப்புத்தாளால் எண்ணைத் தேய்த்துவிடு. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார். ஒன்பதாவதோடு நின்ற உன்னை மறுபடி படிக்க வைக்கலாம். வெளியே தெரிந்தால் ஏர்போர்ட்டிலேயே என்னைப் பிடித்துவிடுவார்கள். மியூசியத்து வாட்ச்மேன் பெரியவர் பேசாமல் சாவியைக் கொடுத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. தீபாவளிக்கு வருகிறேன்.

அண்ணன்
உதய்

ஜூலை 8

அன்புள்ள அண்ணனுக்கு,

பெரியவருக்கு என்ன ஆனது?

நான் எண்ணைத் தேய்க்கவில்லை. சிலையை விற்க அம்மாவுக்கு மனமில்லை. சிலையிடமே பூ கேட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் காகிதத்தில் தனித்தனியாக மடித்துப் போட்டு, என்னை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் இங்கேயே இருக்கச் சம்மதமாம். வெள்ளைதான் வந்தது. "பாத்தியா கண்ணு, அவளுக்கே போக மனசில்ல" என்று அம்மா அழுதார்கள். தூக்கிக்கொண்டு வந்த பிறகு சம்மதம் கேட்கிறோமே என்று நினைத்தேன்.

பெரியவரைப் பற்றி எழுதுங்கள்.

லோகப்பிரியா

ஆகஸ்ட் 14

அண்ணா,

நேற்று கலீல் ரஹ்மான் அண்ணன் மறுபடி லீவில் வந்தார். உங்கள் கடிதம் இல்லை. பெரியவரைப் பற்றி அவரிடமே கேட்டேன்.

"பட்டாளத்துக்காரங்க அடிச்சுப் போட்டு, கேட்டுக்கு நடுவுல கிடந்தாராம் கண்ணு. உசுரு இருந்துச்சாம். வண்டிய ஒடிச்சுத் திருப்ப இடமில்லைன்னு உங்கண்ணன் சொன்னான். அதுக்கு மேல கேக்காதீங்க."

இன்று காலை அம்மா குளிக்கப் போனபோது சிலையைத் துண்டில் சுற்றி, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். வாசலில் நின்றுவிட்டு இரண்டு தடவை திரும்பி வந்தேன். பிறகு உள்ளே போய் மேஜைமேல் வைத்தேன்.

"யாருங்க அம்மணி குடுத்தது? சத்தமாச் சொல்லுங்க, காதுல விழல" என்றார் ஏட்டம்மா.

உங்கள் பெயரைச் சொன்னேன்.

லோகப்பிரியா