மை படாத மூன்று முகங்கள்

ராசிபுரம்
1934 பிப்ரவரி 4, ஞாயிறு

பதினெட்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. இனி முடியாது.

பூசை முடிந்து சாமியார் சேலத்துக்குக் கிளம்பியதும், மாதா கோயில் கோபுரத்துக்குச் செப்புத் தகடு போர்த்தும் பேச்சு. கோபுரமென்பது சுவர்மேல் ஆறடிச் சதுரத்தில் நாலடி உயர மரப்பெட்டி. அதன் தலையில், நாலு பக்கமும் ஐந்தடி சாய்ந்து கூராக முடியும் மூடி. ஓவர்சியர் செபஸ்தியான் எழுந்து, “இருநூத்தி அறுவத்தி நாலு சதுர அடி வேணுமுங்க” என்றான். வீட்டுக்கொரு செப்புப் பாத்திரம் கொடுக்க வேண்டுமாம். உருக்கித் தகடு அடிப்பார்களாம்.

பெட்டிக்கு ஆறு முகம், மூடிக்கு ஐந்து முகம் என்று அத்தனையையும் கூட்டியிருக்கிறான்! பெட்டியின் அடி சுவர்மேல் உட்காருகிறது. அதன் தலையும் மூடியின் அடியும் ஒட்டிக்கொள்கின்றன. அந்த மூன்றுக்கும் எதற்குத் தகடு? பக்கங்கள் தொண்ணூற்றாறு, சாய்வுகள் அறுபது. நூற்று ஐம்பத்தாறு போதும்.

சொன்னேன்.

“ஏனுங்க வாத்தியாரே, ஊட்டுக் குடம் போயிருமுன்னு பயமுங்களா?” என்றான் செபஸ்தியான்.

ஊரே சிரித்தது.

பதினெட்டு வருஷத்துக்கு முன் அந்த ஓவர்சியர் வேலைக்கு நானும் மனுப் போட்டவன். கணக்கில் எனக்கு நூறு. அவனுக்கு மாமன் இருந்தார்.

பிப்ரவரி 6

கோபம் ஆறவில்லை. அவன் திருடனா? இல்லை, கணக்குத் தெரியாதவன். திருடனாயிருந்தால் எனக்கு வசதி.

பிப்ரவரி 8

பக்கத்து வீட்டு இன்னாசிமேரி குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். புருஷன் போனபின் வீட்டில் செம்பென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

“அதையுமா குடுக்கறே?”

“மாதாவுக்குத்தானுங்க வாத்தியாரே. எனக்கு மண்குடம் போதுமுங்க.”

ஐந்து குடத்தில் இரண்டு வீண். அவளுடையது அந்த இரண்டில் ஒன்றாக இருந்தால்?

பிப்ரவரி 9

அட்டையில் பெட்டியும் மூடியும் செய்தேன். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, வெளியே முழுக்க மை பூசினேன். காய்ந்ததும் பிரித்தேன். மூன்று முகங்கள் வெள்ளையாகவே இருந்தன. குழந்தைக்குக்கூடப் புரியும்.

சேலத்திலிருக்கும் எங்கள் பங்குச் சாமியாருக்குக் கடிதம் எழுதினேன். ஏழு பக்கம். படித்துப் பார்த்தால் ஆறு பக்கம் செபஸ்தியான்தான். சீ!

பிப்ரவரி 10

ஆறு பக்கத்தையும் கிழித்தேன். கொல்லன் நாளை விட்டு அடுத்த ஞாயிறு உலை மூட்டுகிறான். மிஞ்சிய பக்கத்தோடு அட்டையையும் மடித்து வைத்தாயிற்று. ஒரு வரியும் சேர்த்தேன்: விதவைகளின் குடங்களை முதலில் திருப்பிக் கொடுங்கள்.

கீழே என் பெயரைப் போட்டேன். சாமியார் உடனே அவனைத்தான் கேட்பார். ‘அந்த வாத்தியாருக்கு எம்மேல பழைய காந்தலுங்க’ என்பான். பொய்யுமில்லை. கணக்கு அதோடு குப்பைக்குப் போகும்.

பெயரில்லாமல் போனால்? தானே திருத்தியதாகச் சொல்லிக்கொள்வான். நிச்சயம் சொல்வான். மாலைகூடப் போடுவார்கள்.

போட்டுத் தொலையட்டும். பெயரிருந்த அடியைக் கத்தரித்துவிட்டேன். உறையிலிட்டுத் தபால் பெட்டிக்குக் கிளம்புகிறேன்.