தோஸ்த் முன் பெஞ்சுக்குக் குடிபோன செய்தி

1928 ஆகஸ்ட் 9, வியாழன் இரவு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், என் தோஸ்த் கரீம் இன்று காலை கடைசி பெஞ்சைத் துறந்து, முன் பெஞ்சில் சாமுவேல் பக்கத்தில் குடியேறிவிட்டான்.

"இன்னாடா இது?" என்றேன்.

"பேஜார் பண்ணாதடா. இங்கிலீஷ்ல தேறலன்னா அத்தா என்னைத் தோல் ஷாப்புல போட்ருவாரு. சாமுவேல் நல்லா சொல்லித் தர்றான்."

எனக்கு வயிறு எரிந்தது. அவன் அத்தா ஷாப்பில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் விழுந்தால்கூட அவ்வளவு எரியாது.

சாயங்காலம் வாத்தியார், நேற்றே சொல்லி வைத்தபடி, 'ஆஸ் இஃப்' வைத்து ஒரு வாக்கியம் கேட்டார். எழுந்து நின்றேன். சாமுவேல் இந்த ஸ்கூலையே விலைக்கு வாங்கியவன் போல நடக்கிறான் என்று இங்கிலீஷில் விளாசினேன். வகுப்பே சிரித்தது. "ஒரு பிழையும் இல்லை" என்றார் வாத்தியார். கரீம் மட்டும் திரும்பியே பார்க்கவில்லை.

பிழை எப்படி இருக்கும்? மதியம் அந்த வாக்கியத்தைப் பெயரை மட்டும் மறைத்து, சாமுவேலிடமேதான் திருத்தி வாங்கினேன். வகுப்பில் முதலில் சிரித்தவனும் அவன்தான்.

நாளைக்கு 'ஆஸ் லாங் ஆஸ்' வைத்து நிபந்தனை வாக்கியமாம். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. முன் பெஞ்சில் மூன்று பேர் உட்கார முடியுமா என்று பார்க்கணும்.