பின்பலகையில் ஆள் ஏறக் கூடாது

டிச. 20, சனி

காலையில் பனி. எதிர் குவார்ட்டர்ஸே தெரியவில்லை. திங்களன்று முதல் வேலை. குள்ளஞ்சாவடி, கோவிந்தசாமி அண்ணன் கொல்லை நிலத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) விதைப்பு. எங்கள் மகளிர் குழு வாங்கிய டிராக்டருக்கும் விதைப்பு மெஷினுக்கும் இதுதான் முதல் சவாரி. எனக்கும்.

குழுத் தலைவி சாந்தி அக்கா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "ஜெசி, இந்தக் கொல்ல நல்லபடியா முடிஞ்சா நீதான் டிரைவர். அவரு குறை சொன்னா ஆம்பள டிரைவர் போட்டுடுவோம். எல்லாரும் அப்படித்தான் பேசறாங்க."

பேசட்டும். லைசென்ஸ் எடுத்தது நான்.

கிரீஸ் அடித்தாயிற்று. மெஷினை மாட்டும் பின்னு, கொக்கி எல்லாம் சரி. கிறிஸ்துமஸ் கேக்குக்கு முந்திரி இன்னும் வாங்கவில்லை.

டிச. 22, திங்கள்

பனி விலகும்வரை வண்டி எடுக்கவில்லை. அதற்குள் அண்ணனிடமிருந்து இரண்டு போன். விதைப்பெட்டி காலி, விதை மூட்டை ஷேர் ஆட்டோவில். மெஷினின் பக்கத்துக் கைகளை மடக்கிக் கயிற்றால் கட்டினேன். பின்னால் சிவப்புத் துணி. இடது சக்கரம், வலது சக்கரம் இரண்டின் பிரேக்கையும் சேர்த்துப் பூட்டு. ரோட்டில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி சுற்றிவிடும்.

சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "மைன்ஸ்ல மலை மாதிரி மெஷின் கிளப்பறதுக்குக்கூட இவ்ளோ பாக்க மாட்டாங்கடி." பொய். அங்கே இதற்கு மேல் பார்ப்பார்கள். ஷூ லேஸ் கட்டாமல் போகிறவர் பேச்சு.

மெயின் ரோட்டில் ஒரு பஸ் பின்னாலேயே ஹாரன். மெதுவாகத்தான் போனேன். கண்டக்டர் தலையை நீட்டி, "யம்மா, மாப்ள ஊர்வலமா?" இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிட்டேன்.

கொல்லையில்தான் வம்பு. அண்ணனின் மச்சான் ராமு மெஷினின் பின்பலகையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இங்கே வழக்கமே அப்படி. வண்டி ஓடும்போது விதை விழுகிறதா என்று ஒருவர் பின்னால் இருந்து பார்ப்பார். குலுங்கி விழுந்தால் மெஷினில் சிக்கிவிடுவார்.

"எறங்குங்கண்ணா."

"நான் குந்திக்கினு பாக்கலன்னா வெத வுயுதான்னு யாரு பாக்கறது?"

"நான் பாக்கறேன். ஆளு ஏறினா வண்டி எடுக்க மாட்டேன்."

அண்ணனுக்குக் கோபம். "இன்னாம்மா நீ, ஈரம் காஞ்சிகினு இருக்குது. வேற வண்டி வரச் சொல்லட்டா?"

கண் முன்னால் சாந்தி அக்கா முகம். இருந்தும் எஞ்சினை அணைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். "சொல்லுங்கண்ணா."

அண்ணன் போனை எடுத்தார்; காயும் மண்ணைப் பார்த்துத் திரும்பப் பைக்குள் போட்டார். பிறகு ராமு முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

கொல்லைக் கோடியில், ஒவ்வொரு நடை முடிவிலும் நிறுத்தி, மண்ணைக் கிளறிப் பார்த்தேன். மூன்றாம் நடையில் ஒரு வரிசையில் விதையே இல்லை. விதை விழும் குழாய் வாயில் ஈரமண் அடைப்பு. மெஷினைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, குச்சியால் குத்தி எடுத்தேன். விட்டுப்போன இடத்தில் கையால் ஊன்றினேன். ராமுவும் குனிந்து ஊன்றினார்.

சாயங்காலம் அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "மொளைக்கட்டும், பாப்போம்."

டிச. 25, வியாழன்

கிறிஸ்துமஸ். கேக் அடி பிடித்தது. பூசையில் மனசு நிற்கவில்லை. மழை அடித்தால் மேல்மண் இறுகி முளை முட்டாது. குடிலில் இருந்த பாலன் இயேசுவிடம் மல்லாட்டை முளைக்கச் சொல்லிக் கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜன. 1, வியாழன்

அண்ணனிடமிருந்து போன். "வந்து பாத்துட்டுப் போம்மா." குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. பயந்துகொண்டே சாந்தி அக்காவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கொல்லை முழுக்கப் பச்சை. கோடு போட்ட மாதிரி வரிசை. எங்கும் ஒரு இடம் விட்டுப்போகவில்லை. என் கொல்லை இல்லைதான், ஆனாலும் தலைகால் புரியவில்லை.

அக்கா வரப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார். "சரிடி. சாவிய நீயே வெச்சுக்க." திரும்பும்போது டிக்கெட்டும் அவரே எடுத்தார்.

ஜன. 3, சனி

லேசான வெயில். கோவிந்தசாமி அண்ணனுக்குப் பக்கத்துக் கொல்லை. பெட்டியில் விதை கொட்டி முடித்து ஏறி உட்கார்ந்தேன். கொல்லைக்காரர் பின்பலகையில் கால் வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் வரப்பிலிருந்து ராமு:

"யோவ், எறங்குய்யா. ஆளு ஏறினா அந்தம்மா வண்டி எடுக்காது."

இறங்கினார். எடுத்தேன்.