வலிக்காத புண்

இன்று காலை சர்க்கரை பார்க்க ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் கையைத் துடைத்தாள். அந்த வாடை வந்தால் எனக்கு உன் ஞாபகம்தான் வரும். நீ போய்ச்சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் பெயரை இதில் எழுதவில்லை. விஷயம் அப்படிப்பட்டது.

அறுபதுகளின் கடைசி. பிள்ளையார்பாளையத்தில் உன் வீட்டுத் தறிக்கும் என் வீட்டுத் தறிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். உனக்குக் கல்யாணமாகி, உன் மனைவி முழுகாமல் இருந்தாள். எனக்கு இருபத்தைந்து வயது. பக்கத்து ஊரான ஓரிக்கையில் பெண் நிச்சயமாகியிருந்தது. அதன் பிறகுதான் நான் என் உடம்பை உற்றுப் பார்க்கத் தொடங்கினேன். ஆண்குறியின் மொட்டைச் சுற்றி, விளிம்பில், தோல் நிறத்தில் பொடிப்பொடியான முத்துகள் வரிசையாக இருந்தன. வலி இல்லை, அரிப்பும் இல்லை. வருடக்கணக்காக அங்கேதான் இருந்திருக்கும். ஆனால் இப்போது அவை நோயாகத் தெரிந்தன.

பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் வந்து தங்கும் ஒரு வைத்தியரிடம் போனேன். அவர் வேட்டியை விலக்கச் சொல்லவே இல்லை. நாடியைப் பிடித்தார். "மேக நோய் உள்ள எறங்கிடுச்சு. இந்த நெலமைல கல்யாணம் பண்ணா அந்தப் பொண்ணையும் கெடுத்துடுவ" என்றார். நான் எந்தப் பெண்ணையும் தொட்டதில்லை என்றேன். "கை செஞ்ச பாவமும் பாவம்தான்" என்றார்.

கல்யாணத்தை நிறுத்திவிடுவதென்று முடிவு செய்தேன். காரணத்தை வெளியே சொல்ல முடியாது; ஆகவே ஊரைவிட்டே போய்விடுவதென்றும். சாயம் போட்ட பட்டு நூலை நாம் இருவரும் வெயிலில் உதறிக் காயவைத்துக்கொண்டிருந்தபோது உன்னிடம் சொன்னேன். நீ சிரிக்கவில்லை.

"பாக்காமயே சொன்னானா?"

"நாடி புடிச்சான்."

"நாடியில அது தெரியுமா? பெரியாஸ்பத்திரிக்குப் போவலாம். நானும் வரேன்."

"யாராச்சும் பாத்து கேட்டா?"

"எனக்கு வயித்து வலின்னு சொல்லிக்கலாம். வாபா."

டாக்டர் நடுத்தர வயதுக்காரர். திரைக்குப் பின்னால், ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கவைத்து நிதானமாகப் பார்த்தார்.

"இது நோயே இல்லப்பா. சில பேருக்கு மச்சம் இருக்குதில்ல, அந்த மாதிரி. நெறைய ஆம்பளைங்களுக்கு இருக்குது. யாருக்கும் ஒட்டாது. மருந்து வேணாம். கிள்ளாத, சுண்ணாம்பு கிண்ணாம்பு வெக்காத. தாராளமா கல்யாணம் பண்ணிக்க."

நான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். திரைக்கு வெளியே இருந்து நீதான் கேட்டாய்: "அப்ப எதுக்குத்தான் சார் பயப்படணும்?"

"ஒரே அளவா, வரிசையா, ரொம்ப நாளா மாறாம இருக்குறது ஒண்ணும் செய்யாது. மஞ்சளா பொடிப்பொடியா சிலருக்கு இருக்கும், அதுவும் தோல்ல எண்ணெய் சுரக்குற இடம்தான். ஆனா புதுசா ஒண்ணு முளைச்சா, பெருசானா, காலிஃபிளவர் மாதிரி பரவினா, ரத்தம் கசிஞ்சா, புண்ணானா வந்து காட்டணும். வலி இல்லியேன்னு சும்மா இருந்துடக் கூடாது."

நீ திரையை விலக்கி உள்ளே வந்தாய். பிறகு, "வலிக்காம ஒரு புண்ணு வந்து, தானா ஆறிப்போயிட்டா சார்?" என்றாய்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

பெங்களூருக்குப் புடவை கொண்டுபோன இடத்தில் நடந்ததை அவரிடம் அங்கேயே சொன்னாய். நான் அதுவரை அறியாதது. உன்னையும் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வாங்க மறுபடி இருவரும் போனோம். மேகப்புண் என்று ஊரில் சொல்வார்களே, அந்தப் பால்வினை நோய்தான்.

"புண்ணு ஆறிடும், வியாதி ஆறாது. ரத்தத்துலயே இருக்கும். பெனிசிலின் ஊசியில குணமாயிடும், பயப்படாத. வூட்ல எப்படி இருக்காங்க?"

"முழுகாம இருக்குறா சார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப உடனே கூட்டிக்கினு வா. அவங்களுக்கும் பாக்கணும். விட்டா கொழந்தைக்கும் போயிடும்."

திரும்பும் வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். ரத்தச் சோகைக்கு ஊசி என்று சொல்லிக் கூட்டிவந்துவிடலாம் என்றேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

"ஊசி அவ ஒடம்புல குத்துறாங்க. எதுக்குன்னு அவளுக்குத் தெரிய வேணாமா?" என்றாய்.

மறுநாள் காலையில், தறியில் உட்காராமல் என் வாசலில் வந்து நின்றாய். "சொல்லிட்டேன்பா. அவ எழுந்து போயி அடுப்பை அணைச்சா. எப்ப போவணும்னு மட்டும் கேட்டா."

அவளுக்கும் தொற்றியிருந்தது. ஊசி போட்டார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் அவள் உன்னோடு பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். முன்பெல்லாம் நடுநடுவே நீங்கள் பேசுவதும் கேட்கும். பிறந்தது பெண். குழந்தைக்கும் ரத்தம் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. ஒருநாள் மதியம் அவள் குரல் கேட்டது. "கொழந்தைய கொஞ்சம் புடிங்க" என்றாள். நீ ஓடிய சத்தமும் கேட்டது.

அதற்கு முன்பே எனக்குக் கல்யாணம் நடந்துவிட்டது. அந்த முத்துகள் இன்றும் அப்படியே இருக்கின்றன, எந்தத் தொந்தரவும் தந்ததில்லை. இல்லாத நோய்க்காக ஊரைவிட்டு ஓடப் பார்த்தேன் என்பது மட்டும் நினைக்கும்போதெல்லாம் கூச்சமாக இருக்கும். உன் விஷயத்தையும் சரி, என் விஷயத்தையும் சரி, நான் யாரிடமும் சொன்னதில்லை.

உன் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு உன் மனைவி எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பக்கத்து அறையில் உங்கள் மகள் பாத்திரங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். உன் மனைவி தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அண்ணா, அன்னைக்கு நீங்க மட்டும் அந்த முத்தைப் பாத்து பயப்படாம இருந்திருந்தா, இவரு ஆஸ்பத்திரிப் பக்கமே போயிருக்க மாட்டாரு. இவ இப்படி நல்லா பொறந்திருக்க மாட்டா."

எனக்கு முகம் சுட்டது. என் ரகசியத்தையும் சேர்த்தே அவளிடம் சொல்லியிருக்கிறாய். அவளும் ஐம்பது வருடமாகத் தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். உன்மேல் கோபம் வந்தது. கோபித்துக்கொள்ள நீ இல்லை.

காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் கோபம் போய்விட்டது. ஊரைவிட்டு ஓடப் பார்த்ததை நினைத்தால் வரும் அந்தக் கூச்சமும் போய்விட்டதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். இதுவரை அது திரும்பி வரவில்லை.