இடுப்பில் ஒரு குறையும் இல்லை

லாஸ்ட் கூஸ், மொன்டானா
9 டிசம்பர் 2003

என் சோல்வேக் அக்காவுக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே நாங்களும் நலம், மலையும் நலம். சனிக்கிழமை பனிச்சறுக்கு லிஃப்ட் ஓடத் தொடங்கிவிட்டது. நீ அனுப்பிய ஏலக்காய் ரொட்டி வந்தது. என் வீட்டுக்காரர் நெல்ஸ் தபால் நிலையத்திலிருந்து வீடு வருவதற்குள் பாதியைத் தின்றுவிட்டு, "உங்க அக்கா வரவர சின்னதா சுடுறா" என்று குறை வேறு சொன்னார்.

என் நோட்டுப் புத்தகத்தில் இந்தப் பருவத்தின் முதல் பக்கம் எழுதியாகிவிட்டது. நாள் நான்கு, இறக்கம் நாற்பத்தொன்று. ஞாயிறன்று ஆராதனை முடிந்து போனதால் ஐந்துதான். விழுந்தது ஏழு முறை. அதில் ஐந்து என் தப்பு, இரண்டு பனியின் தப்பு. நீ சிரிப்பாய். சிரி.

பிப்ரவரியில் உங்கள் மலையில் சறுக்குச் சங்கம் கூடும்போது பெண்களின் காலை வகுப்பை நான் நடத்தவேண்டும் என்று போன வருடம் அந்தப் பெண்களே கேட்டார்களே, அதை நினைத்தால் இன்னும் நம்ப முடியவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சர்ச் விற்பனையில் கிடைத்த அந்த ஒல்லிப் பனிச்சறுக்குப் பலகையோடு தனியாக விழுந்து எழுந்து கற்றவள் நான். பதினொரு வருடத்தில் ஒருவரும் எனக்கு ஒரு வளைவுகூடச் சொல்லிக்கொடுத்ததில்லை. இப்போது எட்டுப் பெண்கள் என்னிடம் வருகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் எந்தக் காலை முன்னே வைப்பவர், பூட்ஸைப் பலகையில் எந்தக் கோணத்தில் பூட்டுபவர் என்று இப்போதே கேட்டுக் குறித்து வைத்துவிட்டேன்.

பிப்ரவரி பதினோராம் தேதி பேருந்தில் வருவேன். நீ வந்து அழைத்துக்கொள். கர்டிஸ் அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தங்கை
ஆர்டித்

~

பைன் ஃபோர்க், கொலராடோ
20 டிசம்பர் 2003

ஆர்டித் கண்ணே,

பண்டிகை வேலையில் கை ஓயவில்லை, அதனால் தாமதம். ரொட்டி சின்னது என்று சொன்னவருக்கு அடுத்த முறை கிடையாது என்று சொல்லிவை.

எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் அத்தானும் சங்கத்துக் குழுவும் ஒரு விதி போட்டிருக்கிறார்கள். வகுப்பு நடத்துகிறவர்கள் நிமிர்ந்த முறையில்தான் போகவேண்டுமாம். முழங்காலும் இடுப்பும் மடங்கணும், மேல் உடம்பு நேராக நிற்கணும், இரண்டு கையும் காபித் தட்டு ஏந்துகிற மாதிரி முன்னால் இருக்கணும். கையோ முழங்கையோ பனியில் படக்கூடாது. நீயோ வளைவுக்கு வளைவு குப்புறச் சாய்ந்து கையை நீட்டிப் பனியைத் தடவிக்கொண்டே போகிறவள்.

நான் கேட்டுப் பார்த்தேன். "உன் தங்கச்சி நல்லவதான், யாரு இல்லைன்னா? ஆனா அது சவாரி இல்ல, தரை துடைக்கிறது. எட்டுப் பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தா, அடுத்த வருஷம் மலை பூரா துடைப்பமா வரும்" என்கிறார்.

ஒரு வழி இருக்கிறது. சர்ச் படியில் விழுந்து உனக்கு இடுப்பில் அடிபட்டதே, அதனால் இடுப்பு மடங்காது என்று ஒரு வரி எழுதிக்கொடு. உடல் காரணம் என்றால் விலக்கு தரலாம் என்று அவரே சொன்னார். ஒரே ஒரு வரிதான். எனக்காகச் செய். நான் இந்த வீட்டில் இருக்கவேண்டியவள்.

சங்கத்து இதழையும் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில், உன் அத்தான் பழக்கிய லோர்ன் போன பிப்ரவரியில் பனியில் போட்ட தடத்தின் படம். எல்லோரும் அப்படிப் போடவேண்டும் என்று உன் அத்தான் எழுதியிருக்கிறார்.

உன் அக்கா
சோல்வேக்

~

லாஸ்ட் கூஸ்
2 ஜனவரி 2004

அக்கா,

புது வருடம் உனக்கு ஆசீர்வாதமாக இருக்கட்டும். இந்தக் கடிதம் அவ்வளவு இனிப்பாக இருக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எடுத்ததும் மறுத்தேன் என்று நினைக்காதே. நான்கு நாள் காபித் தட்டு ஏந்திப் பார்த்தேன். முதல் நாள் பன்னிரண்டு முறை விழுந்தேன். லிஃப்டில் நிற்கிற ஆரின், "என்னம்மா, கழுத்துல அடின்னு யார் மேலயாவது கேஸ் போட்டிருக்கீங்களா? இப்படி விறைப்பா வர்றீங்க" என்றான். நான்காம் நாள் நன்றாகவே வந்துவிட்டது. விழவே இல்லை. நோட்டில் இருக்கிறது. அதனால் நான் சொல்வது இதுதான். என்னால் முடியும். எனக்கு வேண்டாம்.

அத்தான் ஒன்றைக் கவனிக்கவில்லை. நான் கையைப் பனியில் ஊன்றுவதில்லை. கை தொட்டுக்கொண்டு வரும், அவ்வளவுதான். பாரம் முழுக்கப் பலகையின் விளிம்பில் இருக்கும். இல்லாவிட்டால் பலகை வழுக்கி ஓடிவிடும், நான் மரத்தில் போய் நிற்பேன். கால்விரல் பக்கம் சாயும்போது உடம்பு முழுக்க நீண்டு, கன்னத்துக்கும் பனிக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கும். அந்த நேரத்தில் நான் யாருக்கும் சமைக்கவில்லை, யாருடைய துணியையும் மடிக்கவில்லை. ஸ்தோத்திரம் என்று சொல்வேன், சத்தமாகவே. லிஃப்டில் போகிறவர்கள் கேட்டால் கேட்கட்டும்.

இடுப்பு விஷயம். என் இடுப்பில் ஒரு குறையும் இல்லை. அடிபட்டது ஆறு வாரத்தில் ஆறிவிட்டது, மருத்துவரும் சொன்னார். பொய் எழுதி ஓர் இடத்தை வாங்கி, அங்கே நின்று அந்த எட்டுப் பெண்களுக்கு என்ன சொல்வேன்? என்னை மாதிரிப் போகணும்னா முதல்ல இடுப்பை உடைச்சிட்டு வாங்க என்றா? நான் இப்படிப் போவது முடியாமையால் இல்லை, பிடித்திருப்பதால். அத்தான் எனக்கு இரக்கம் காட்டவேண்டாம். வேண்டுமானால் கோபப்படட்டும்.

இப்போது அந்தப் படம். அந்தத் தடம் என்னுடையது.

போன வருடம் பிப்ரவரி பதினாலு, வெள்ளிக்கிழமை. முதல் லிஃப்டில் ஏறியது நான் ஒருத்திதான். ஆறு டிகிரி ஃபாரன்ஹீட், இயந்திரம் சீவிவைத்த பனியில் ஒரு கீறல் இல்லை. இடது ஓரச் சரிவில் பதினாலு வளைவு போட்டேன் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். படத்தில் எண்ணிப் பார், பதினாலு. லோர்ன் எல்லோருக்கும் முன்னால் உங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பினான், அது உண்மை. ஆனால் உங்கள் நிலவறை ஹீட்டர் பக்கம் காயவைத்திருந்த பூட்ஸில் தன்னுடைய இடதோடு அத்தானின் பழைய இடதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இரண்டு இடது பூட்ஸோடு கீழே காபிக் கடையில் உட்கார்ந்திருந்தான். பதினொரு மணிக்கு அவனுடைய வலது பூட்ஸை எடுத்துவந்தது யார்? நீதான், அக்கா. அத்தான் ஒன்பதரைக்கு லிஃப்டிலிருந்து அந்தத் தடத்தைப் பார்த்து, முதலில் கிளம்பியவன் போட்டதுதான் என்று முடிவு கட்டியிருக்கிறார்.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு வளைவின் உள்பக்கமும் பார். இறகு தடவிய மாதிரி மெல்லிய கோடு ஓடும். அது என் கை. லோர்ன் பனியைத் தொடமாட்டான்.

இதை அத்தானிடம் காட்டு. படத்துக்குக் கீழே என் பெயரைப் போடச் சொல்.

ஆர்டித்

~

பைன் ஃபோர்க்
14 ஜனவரி 2004

ஆர்டித்,

காட்டினேன். சாப்பாட்டு மேசையில் உன் கடிதத்தையும் இதழையும் அருகருகே வைத்தேன். பூதக்கண்ணாடி எடுத்துவந்து வெகுநேரம் பார்த்தார்.

"லோர்ன் ஒத்தக் கால் பூட்ஸோட உட்கார்ந்திருந்தானே, அன்னிக்கா இது?"

"அன்னிக்குத்தான்."

இன்னும் கொஞ்சம் பார்த்தார். "சரி. தடம் சரி. உடம்பு தப்பு."

"உடம்பு தப்புன்னா தடம் எப்படிங்க சரியா வரும்?"

"அது அவ அதிர்ஷ்டம்."

"வரிசையா பதினாலு அதிர்ஷ்டமா?"

காபியை எடுத்துக்கொண்டு காரேஜுக்குப் போய்விட்டார். இரண்டாம் நாள் வந்து, விதி விதிதான், பெண்கள் வகுப்பை லோர்ன் நடத்துவான் என்றார். பெயர் போடுவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருடம் நீ வராதே, ஆர்டித். மனம் நொந்துதான் எழுதுகிறேன். நீ வந்தால் அவர் ஒன்று சொல்வார், நீ ஒன்று சொல்வாய், பிறகு நீ பேருந்து ஏறிப் போய்விடுவாய். எனக்கு இந்த வீட்டில் சத்தமில்லாமல் இருக்கவேண்டும். அதற்காக நான் எவ்வளவோ விட்டுக்கொடுத்திருக்கிறேன். முன்பு மலையில் அவரோடு போகும்போது ஒவ்வொரு வளைவுக்கும் பின்னாலிருந்து கை, தோள், முழங்கால் என்று குரல் வரும். ஒரு நாள் முழங்கால் வலி என்று சொன்னேன். பலகையை விட்டேன், அதோடு எல்லாம் அமைதியாயிற்று. ஒன்பது வருடம் ஆகிறது. நீயும் முழங்கால் வலி என்றே நம்பியிருந்தாய், அது அப்படியே இருக்கட்டும்.

சோல்வேக்

~

லாஸ்ட் கூஸ்
26 ஜனவரி 2004

என் அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடைசி முறை முழங்காலில் நின்று.

நான் நம்பவில்லை, அக்கா. முழங்கால் வலிக்காரி நிலவறைப் படியில் துணிக் கூடையோடு அப்படி ஓடமாட்டாள். கேட்டால் உனக்குச் சங்கடம் என்று பேசாமல் இருந்தேன். ஒன்பது வருடம் பேசாமல் இருந்தது என் தப்பு. அதையும் இன்று எழுதி வைத்துவிட்டேன்.

நான் வருகிறேன். உன் வீட்டுக்கு இல்லை. உங்கள் ஊர் போதகரின் மனைவியிடம் கேட்டேன், விருந்தினர் அறையைத் தருகிறேன் என்றார். அதனால் உன் மேசையில் யாரும் யாரோடும் சண்டை போடவேண்டாம். வகுப்பு லோர்னுக்கு என்றால் லோர்னுக்கே. விதி சங்கத்துடையது, மலை அவர்களுடையது இல்லை. பணம் கொடுத்து டிக்கெட் வாங்குகிறவள் எப்படி இறங்கினாலும் லிஃப்ட் மறுபடி மேலே கொண்டுபோய் விடும். எட்டுப் பெண்களுக்கும் எழுதிவிட்டேன். நான் ஆசிரியை இல்லை, வியாழக்கிழமை எட்டு மணிக்குக் கீழ் லிஃப்ட் பக்கம் இருப்பேன், வருகிறவர்கள் வரலாம் என்று.

என் நீலப் பலகை நான் ஏறினால் கொஞ்சம் குட்டை, உனக்குச் சரியாக இருக்கும். கொண்டுவருகிறேன். உன் அளவு பூட்ஸ் ஒரு ஜோடி கேட்டு வாங்கிவிட்டேன், ஒன்று வலது, ஒன்று இடது, பார்த்துத்தான் எடுத்தேன்.

வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ பதில் எழுதாதே. எழுதினால் அதை யாராவது படிப்பார்கள். எட்டு மணிக்கு உன் கால்கள் எங்கே நிற்கின்றன என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

உனக்காக ஜெபிக்கும்
ஆர்டித்

~

பைன் ஃபோர்க்
20 பிப்ரவரி 2004

ஆர்டித்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். எனக்கு இரண்டு தொடையும் இன்னும் மரத்துப்போய்க் கிடக்கின்றன. பாத்திரம் தேய்க்க நிற்கும்போது அடுப்பைப் பிடித்துக்கொள்கிறேன்.

இதழ் வந்துவிட்டது. கடைசிப் பக்கம், அடியில், பொடி எழுத்தில்: "முந்தைய இதழில் வெளியான தடம் ஆர்டித் ஹோயம் அவர்களுடையது. இந்தச் சவாரி முறை பரிந்துரைக்கப்படவில்லை." அவரே உட்கார்ந்து தட்டச்சு செய்தார். வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். லோர்னின் வகுப்பில் மூன்று பேர் என்றும், உன் பின்னால் ஐந்து பேர் என்றும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரே லிஃப்டிலிருந்து எண்ணியிருக்கிறார்.

இப்போது என் பேச்சைக் கேள்.

வியாழக்கிழமை ஒன்பது வருடம் கழித்து நான் பலகையில் நின்றேன். நான்கு முறை விழுந்தேன். ஐந்தாம் முறை விளிம்பு பனியைப் பிடித்தது. அந்தப் பிடி காலிலிருந்து முதுகு வரை ஏறியது. அப்போது மேலே லிஃப்டிலிருந்து உன் அத்தான், "கையைத் தூக்கு சோல்வேக், கையைத் தூக்கு" என்று கத்தினார். அது நான் எதிர்பார்த்ததுதான். கீழேயிருந்து நீயும் கத்தினாய். "இன்னும் படு அக்கா, நீட்டு, பயப்படாதே, படு." வெள்ளிக்கிழமையும் கத்தினாய். சனிக்கிழமை என் தோளைப் பிடித்துத் திருப்பவே வந்துவிட்டாய்.

எனக்குப் படுக்கப் பிடிக்கவில்லை, ஆர்டித். தட்டு ஏந்தவும் பிடிக்கவில்லை. எனக்குக் குந்திக்கொண்டு, இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, சின்னச் சின்ன வளைவாகப் போகத்தான் பிடித்திருக்கிறது. மழையில் நனைந்த கோழி மாதிரி இருக்கிறது என்று லோர்ன் சொன்னான். இருக்கட்டும். அந்தக் கோழி போன திங்கள், நீ பேருந்து ஏறிய பிறகு, தனியாகப் போய் ஒன்பது முறை இறங்கியது. "எங்க போயிட்டு வர்றே?" என்று உன் அத்தான் கேட்டார். "மலைக்கு" என்றேன்.

அடுத்த பிப்ரவரியில் போதகர் வீட்டுக்குப் போகாதே. இங்கே வந்து தங்கு. அவரிடம் அனுமதி கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். நீலப் பலகையைத் திருப்பி அனுப்பமாட்டேன்.

ஆனால் மலையில் நான் உன்னைக் கடந்து போகும்போது வாயைத் திறக்காதே. அவர் மட்டுமில்லை, நீயும்தான்.

உன் அக்கா
சோல்வேக்