கைப்பிடி போட விடாத சுவர்

மண்டி மொஹல்லா, மைசூரு

அன்பு மேகனாவுக்கு அப்பா எழுதுவது. நலம் என்று தொடங்கத்தான் கை பழகியிருக்கிறது, இந்த முறை பாதி நலம் என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சௌக்கியமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் தையல் ஆறிவிட்டது, வாக்கர் பிடித்துக் கூடத்தில் நடக்கிறாள். பாத்ரூமுக்குள் வாக்கர் நுழையாது, பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு ஸ்டீல் கைப்பிடி போடச் சொன்னார் டாக்டர். வாங்கியும் வந்தாயிற்று, சுவரில் ஏறத்தான் மாட்டேன் என்கிறது. எல்லாம் சுவருக்குள் வயர் இருக்கிறதா என்று பார்க்க நீ அனுப்பிய அந்தக் கருவியின் வேலை. எலக்ட்ரீஷியன் கணேஷ்குமார் அதைச் சுவரில் வைத்ததும் கீச்சென்று கத்திச் சிவப்பு விளக்கைக் காட்டியது, உள்ளே கரண்ட் ஓடுகிறதாம். நம் மெயினை ஆஃப் செய்தோம், அப்போதும் கத்தியது. இது பொதுச் சுவர் ஸார், பக்கத்து வீட்டு வயர் உள்ளே போகிறது, சுவர் வேறு ஈரம், அவர்கள் ஒவ்வொரு லைனாக ஆஃப் செய்து காட்டினால்தான் இடம் தெரியும், அதுவரை டிரில்லைத் தொடமாட்டேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கருவி இல்லாவிட்டால் அன்றைக்கே துளை போட்டிருப்பான். போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீ கேட்பாய், அதுவும் சரிதான், அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகமாகிறது.

பக்கத்து வீட்டு நஞ்சுண்டசாமியிடம் போய் லைனை ஆஃப் செய்து காட்டச் சொல்லிக் கேட்டால், ஏன் ஸ்வாமி, இத்தனை வருஷமாக இந்தச் சுவர் யாரையும் ஒன்றும் செய்யவில்லை, உங்கள் மகள் அனுப்பிய பொம்மைக்கு மட்டும் ஷாக் அடிக்கிறதா என்கிறார். நான் அவர்மேல் பழி போடுகிறேனாம். நீயோ போனில், கத்தாத இடமாகப் பாருங்கள் அப்பா என்கிறாய். பார்த்தேன், தலைக்கு மேலே ஓரிடத்தில் கத்தவில்லை, அங்கே போட்டால் அம்மா தொங்க வேண்டியதுதான். எதிரே கதவு, பக்கத்தில் ஜன்னல், வேறு சுவருக்கு நான் எங்கே போவேன்.

நேற்றுதான் கவனித்தேன், காலையில் வைத்த சொம்புத் தண்ணீர் சாயங்காலமும் அப்படியே இருந்தது. கேட்டால் தாகமில்லை என்றாள். எழுந்து போக வேண்டி வருமே என்று தண்ணீரையே விட்டிருக்கிறாள். அவளைத் தூக்கிவிட்டால் எனக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது, அது அவளுக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க அவளிடமே கத்திவிட்டேன். நாளைக்கு மறுபடி நஞ்சுண்டசாமியிடம் போய்க் கெஞ்சப் போகிறேன், ரோஷம் பார்க்கிற நிலையில் இல்லை.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள், குறைவின்றி இருங்கள். மறக்காமல் ஒன்று செய், தினமும் போன் பண்ணி அம்மாவிடம் தண்ணீர் குடித்தாயா என்று கேள். நான் எழுதியதாகச் சொல்லாதே. நான் குடி என்றால் அவள் என் முதுகைத்தான் பார்க்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சாம்பு